பாதி மெத்தை

அந்தக் குடும்பத்தில் யாருக்கு முதுகு வலித்தாலும் ஒரே வைத்தியம்தான்: கட்டாந்தரை. வீட்டுப் பெரியவர் கடைசி வரை கட்டாந்தரையில் படுத்துத்தான் நெட்டுக்குத்தாக நடந்தாராம். அவருடைய மகன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அந்த நம்பிக்கையைச் சொத்து மாதிரி வாங்கி வைத்துக்கொண்டவர். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிப் போட்ட நார் மெத்தை பெயருக்குத்தான் மெத்தை. தட்டினால் கதவைத் தட்டின மாதிரி சத்தம் வரும். அதில் அவர் மல்லாந்து படுத்தாரானால் அடுத்த மூச்சு குறட்டையாகத்தான் வெளியே வரும். பக்கத்தில் அவர் மனைவி ஒருக்களித்துப் படுத்து, தோளிலும் இடுப்பெலும்பிலும் மெத்தை குத்த, புரண்டு புரண்டே பொழுதை விடிய வைப்பாள்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். நடுவில் ரப்பர் மடிப்பு வைத்து, இரண்டு பஸ்ஸை ஒன்றாக ஒட்டின மாதிரி நீளமாக ஒரு வண்டி வருமே, அது. டிப்போவில் டிரைவர்கள் நிறையப் பேர் உண்டு. டிரைவரம்மா என்றால் அவள் ஒருத்திதான். சந்தைத் தெருவின் குறுகலான திருப்பத்தில் அந்த வண்டியை ஒரு உரசல் இல்லாமல் வளைத்துக் கொண்டுபோகும்போது, ஜன்னலோரம் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த வேலையை அவள் யாரிடமும் கெஞ்சி வாங்கவில்லை. யாருக்காகவும் விடுவதாகவும் இல்லை.

ஆனால் இடுப்பு வேறு மாதிரி யோசித்தது. காலையில் மல்லாந்து கிடக்கும் ஆமை போல ஒரு பக்கமாக உருண்டு, முதலில் காலைத் தொங்கவிட்டு, பிறகு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து எழுந்திருப்பாள். சாக்ஸ் போடுவது தனி யுத்தம். கீழ்வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் படியேறி வந்து, "இன்னும் கொஞ்ச நாள் தரையில படுத்துப் பாரேன்" என்பாள். அவளும் படுத்துப் பார்த்தாள். தரை அவளைப் படுத்தி எடுத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் மதியம், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்திருக்கப் பார்த்தவளால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ ஆணி அடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. கதவுக்கு வெளியே அடுத்த நடைக்கான கூட்டம் நின்றுகொண்டு, "வண்டி எடுக்கறாங்களா இல்லையா?" என்று முணுமுணுத்தது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து, பீரோவை இறக்குவது போல ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை இறக்கினார்கள்.

மறுநாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான், குரலில் அனுதாபம் வழிந்தது.

"வயசும் ஆகுதில்ல, டிரைவரம்மா. டிக்கெட் கவுண்டர்ல இடம் காலியா இருக்கு. ஃபேன் இருக்கு, அலைச்சல் இல்ல. என்ன சொல்றீங்க?"

"எனக்கு அலைச்சல்தான் சார் பிடிக்கும்."

"இப்படியே போனா அடுத்த உடல் தகுதிச் சோதனையில என்ன எழுதுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எப்படிச் சரி பண்ணுவது என்று அவளுக்குத் தெரியாது. அதை அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

முதுகெலும்பு டாக்டரம்மா அவளை நடக்க வைத்து, குனிய வைத்து, காலைத் தூக்க வைத்துப் பார்த்தார். கடைசியில், இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எப்படிப் படுப்பீங்க?"

"ஒருக்களிச்சு."

"எதுல?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்கு அவ்வளவு கெட்டி ஆகாதும்மா. தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள இறங்கணும், அப்பத்தான் முதுகு நேரா இருக்கும். அதுக்காகப் புதைகுழி மாதிரி அமுங்கறதும் வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல. கையால அமுக்கிப் பாத்து வாங்கிடாதீங்க. நீங்க எப்படித் தூங்குவீங்களோ அப்படியே கடையில படுத்து, நல்லா நேரம் எடுத்துப் பாருங்க. மெத்தை மட்டும் வலியைப் போக்கிடாது, உடற்பயிற்சியும் செஞ்சாகணும். ஆனா ராத்திரியெல்லாம் வலியை வளர்க்கற மெத்தையில படுத்துக்கிட்டு, பகல்ல வைத்தியம் பாத்து என்ன பிரயோஜனம்?"

வீட்டில் இதைச் சொன்னபோது வாத்தியார் சிரித்தார். "டாக்டருங்க எதையாவது சொல்லுவாங்க. கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லதுன்னு ஊருக்கே தெரியும்."

"ஊர் என் இடுப்பை வச்சுக்கிட்டா படுக்குது?" என்றாள் அவள்.

விடுமுறை நாளில் கடைக்குக் கிளம்பினார்கள். நாத்தனாரும் கூட வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, மெத்தை விஷயத்தில் தன் யோசனை இல்லாமல் எப்படி என்று அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடை மெயின் ரோட்டில் இருந்தது. தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே வரிசை வரிசையாக மெத்தைகள், ஒவ்வொன்றின் மேலும் சிரித்துக்கொண்டே தூங்கும் ஒரு பெண்ணின் படம். கழுத்தில் டை கட்டிய சேல்ஸ்மேன் ஓடி வந்து வாத்தியாருக்கு வணக்கம் வைத்தார்.

"முதுகு வலியா சார்? கவலையே படாதீங்க."

"எனக்குத்தான் முதுகு வலி" என்றாள் அவள்.

"அப்படியா மேடம்" என்றவர் மறுபடியும் வாத்தியார் பக்கமே திரும்பி, ஒரு மெத்தையை முஷ்டியால் ஓங்கிக் குத்திக் காட்டினார். "பாருங்க சார், அசையுதா?"

அசையவில்லை. வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். "இதுதான் மெத்தை. பில் போடுங்க."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பையை நாத்தனார் கையில் கொடுத்தாள். மெத்தை மேல் ஏறி, வீட்டில் படுப்பது போலவே ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

சேல்ஸ்மேன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், உக்காந்து பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றார் சேல்ஸ்மேன்.

"உக்காந்தா நான் பஸ் ஓட்டுவேன். தூங்கறது படுத்துக்கிட்டுத்தான்."

"எழுந்திரு" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "இது என்ன உன் வீட்டுக் கூடமா? நாலு ஆம்பளைங்க நிக்கற இடம்."

"நிக்கறவங்க நிக்கட்டும் அண்ணி. நான் படுத்துப் பாக்க வந்திருக்கேன்."

"என்னங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள். "பின்னாடி வந்து நின்னு பாருங்க, முதுகு நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு. ஒரு கோடு கோணலா போனா உங்க கண்ணுக்குத்தான் உடனே தெரியும்."

வாத்தியார் அங்கே இல்லை. தலையணைகள் அடுக்கியிருந்த பக்கமாக நழுவி, ஒரு பெரிய தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்து அதன் மேல் ஒட்டியிருந்த துணி விவரத்தைப் பரீட்சைத் தாள் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்மணி யாரோ, எனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல.

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் தோளில் பழைய குத்தல் தொடங்கிவிட்டது. அந்தக் குத்தல்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. இவ்வளவு பேர் கூசிப் போகிறார்களே, இவர்களில் ஒருவராவது விடிகாலையில் என்னோடு சேர்ந்து உருண்டு எழுந்ததுண்டா?

"இது வேண்டாம். அடுத்தது" என்றாள்.

அடுத்தது பிசைந்த மாவு. படுத்ததுமே இடுப்பு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. புரளுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அதற்கடுத்தது தோளுக்கு இதமாக இருந்தது, இடுப்பைக் கைவிட்டுவிட்டது. அவள் அவசரப்படவில்லை. இடம், வலம் இரண்டு பக்கமும் படுத்தாள். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்து இடைவெளி பார்த்தாள். முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை கேட்டாள். சேல்ஸ்மேன் வேண்டாவெறுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாடியிலிருந்து கடையின் சூப்பர்வைசர் இறங்கி வந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மத்த கஸ்டமருங்க பாக்கறாங்க."

"படுக்கறதுக்கு விக்கற சாமான்ல படுத்திருக்கேன். இதுல பாக்க என்ன இருக்கு? வேணும்னா அவங்களையும் படுக்கச் சொல்லுங்க."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு..."

"இடுப்பு சொல்லணும் சார். அது நம்ம மாதிரி கடகடன்னு பேசாது."

அப்போதுதான் எதிரே நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ் பலமாக இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவளுடைய டிப்போ வண்டி. ஓட்டுகிறவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டான். ஜன்னலோரப் பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நாத்தனார் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். டிரைவரம்மா படுத்தபடியே ஒரு கையை உயர்த்தி, சாலையில் எதிர்ப்படும் வண்டிக்குக் காட்டுவது போல, போய் வா என்று காட்டினாள்.

கடைசியில் அவளுக்கானது ஒரு மூலையில் கிடந்தது. சிரிக்கும் பெண்ணின் படம்கூட அதன் மேல் இல்லை. படுத்ததும் தோள் கொஞ்சம் இறங்கியது, இடுப்பு கொஞ்சம் இறங்கியது, அதோடு நின்றுகொண்டது. இடுப்புக்கு மேலே எப்போதும் அந்தரத்தில் தொங்கும் அந்த வளைவை, கீழிருந்து யாரோ உள்ளங்கையால் தாங்கின மாதிரி இருந்தது. வலி போய்விடவில்லை. ஆனால் கத்திக்கொண்டிருந்தது குரலைத் தாழ்த்திக்கொண்டது. அவள் கண்ணை மூடினாள். கடையின் பாட்டுச் சத்தம், நாத்தனாரின் பெருமூச்சு எல்லாம் மெல்ல விலகிப் போயின.

"ஏய், குறட்டை விடற!" என்று நாத்தனார் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்போ இதுதான்" என்று எழுந்து உட்கார்ந்தாள் அவள்.

பெரிய கட்டில் அளவுக்கு எடுப்பதென்றால் வாத்தியாரும் படுத்துப் பார்க்க வேண்டுமே. சுற்றிலும் பார்த்துவிட்டு, காலைத் தரையில் வைத்தபடியே முக்கால்வாசி உடம்பைச் சாய்த்தார். உடனே எழுந்துவிட்டார். "சகதியில விழுந்த மாதிரி இருக்கு. இதுல மனுஷன் தூங்குவானா?"

"சாருக்கும் வேண்டாம், மேடத்துக்கும் வேண்டாம், நடுவுல ஒண்ணு இருக்கு, காட்டறேன்" என்றார் சேல்ஸ்மேன்.

"அதுல ரெண்டு பேருக்குமே தூக்கம் வராது" என்றாள் அவள். "ஒத்தை ஆள் மெத்தையா கொடுங்க. எனக்கு மட்டும்."

கடையில் படுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்ட நாத்தனாரால் இதைத் தாங்க முடியவில்லை. "புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனி மெத்தையா? வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"வெளிய எப்படித் தெரியும் அண்ணி? நீங்க சொன்னாத்தான் தெரியும்."

தன் சம்பளத்தில் தானே வாங்கினாள்.  வீட்டுப் படியேறும்போது வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்போ என் பக்கத்துல படுக்கறது உனக்குப் பிடிக்கல."

அவள் படியில் நின்றுவிட்டாள். அவர் இதை இப்படி எடுத்துக்கொள்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"உங்க பக்கத்துலதான் படுக்கப் போறேன். உங்க அப்பாவோட தரையிலதான் இனிமே படுக்கப் போறதில்ல."

மெத்தை வந்து இறங்கியது. ஆனால் கட்டிலில் இடம் வேண்டுமே? பழைய நார் மெத்தை கட்டில் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரே துண்டாகக் கிடந்தது. "அதைப் பாதியா வெட்டி உங்க பக்கம் போட்டுக்கலாம்" என்றாள். "பாக்கலாம்" என்றார் வாத்தியார். அவர் பாக்கலாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். புது மெத்தை பிளாஸ்டிக் உறையோடு கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதன் மேல் இடித்துக்கொண்டார்கள். நாத்தனார் வரும்போதெல்லாம், "திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேட்டியா?" என்று விசாரித்தாள்.

அடுத்த வார லீவு நாளில் அவள் சமையலறையிலிருந்து பெரிய கத்தியை எடுத்தாள். பழைய மெத்தையைக் கட்டிலிலிருந்து மெல்லச் சரித்துத் தரையில் இறக்கினாள். குனிய முடியாது; அதனால் பக்கத்தில் ஒரு தலையணையைப் போட்டு அதில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நார் மெத்தையின் மேலுறையைக் கிழித்து, நடுவில் கத்தியைச் செருகி அறுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் அவளைக் குத்தின மெத்தை, இப்போது கத்தியையும் விடாமல் கவ்வியது. அவளும் விடவில்லை. அறை முழுக்க நாரும் தூசியும் பறந்தன. தும்மினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி அறுத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பண்ற?"

"பாதி பண்றேன்."

அவர் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு? ஒரு வார்த்தை..."

"நிறைய வார்த்தை கேட்டாச்சு. நீங்க பாக்கலாம்னீங்க. நான் பாத்துட்டேன்."

கத்தப் போகிறார் என்று நினைத்தாள். பதில் வார்த்தைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. அவர் கண் அறுத்த கோட்டின் மேல் போய் நின்றுவிட்டது. தலைமாட்டில் நடுவில் தொடங்கிய கோடு, போகப் போக ஆறு மாதிரி வளைந்து அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

"கோணலா போகுது" என்றார்.

"போகட்டும்."

"போகட்டும்னா? கால்மாட்டுல என் பாதி குறையுது பாரு."

"அளந்து வெட்டத் தெரிஞ்சவர் வராமலே இருந்தா அப்படித்தான் போகும்."

வாத்தியார் பையை ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை மடக்கினார். உள்ளே போய் நீளமான மர ஸ்கேலும் சாக்பீஸும் கொண்டுவந்தார். மூன்று இடத்தில் அளந்து புள்ளி வைத்து, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கத்தி எதுக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து மரம் அறுக்கும் ரம்பத்தை இறக்கினார்.  அவர் அறுத்தார், அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நன்றி சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மெத்தை இரண்டாகப் பிரிந்தபோது இருவர் தலையிலும் ஒரே அளவுக்கு நார் ஒட்டியிருந்தது.

புது மெத்தை பழையதைவிட ஒரு படி உயரம். பக்கத்தில் போட்டதும் கட்டில் நடுவே ஒரு படி வைத்த மாதிரி தெரிந்தது. தூக்கத்தில் வாத்தியாரின் கை அவள் பக்கம் வர வேண்டுமானால் அந்தப் படியை ஏற வேண்டும். ஏறத்தான் செய்தது.

ஆனால் முதல் சில நாள் வலி கூடிவிட்டது. புதுப்புது இடங்களில் வலித்தது. நாத்தனாருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, காலையிலேயே படியேறி வந்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன். யார் கேட்டா?"

"இத்தனை வருஷம் கோணிக்கிட்டுக் கிடந்த உடம்பு நேராகுறப்போ முணுமுணுக்கத்தான் செய்யும் அண்ணி. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. நான் திருப்பிக் கொடுக்கப் போறதில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் ஆட்டம் கண்டுதான் இருந்தது. எல்லோரும் சொன்னது சரியாகிவிட்டால் என்ன செய்வது? நாத்தனார் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது:

"அக்கா, விடு."

அவ்வளவுதான். பேப்பர் கீழே இறங்கவில்லை. நாத்தனார் தம்பியை வெறித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் உடற்பயிற்சியை விடவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுத்தாள். நடைக்கு நடை வண்டியை விட்டு இறங்கி, டிப்போவைச் சுற்றி நடந்தாள். மெல்ல மெல்ல ஒரு காலை வந்தது. உருளாமல், எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நின்றபடியே ஒரு காலைத் தூக்கி சாக்ஸ் போட்டாள். வாத்தியார் அதைப் பார்த்தார். "எனக்கு இன்னமும் கெட்டி மெத்தைதான் சரி" என்றார். "உங்க பாதியை யார் கேட்டா?" என்றாள் அவள். உடல் தகுதிச் சோதனையிலும் தேறிவிட்டாள்.

ஆனாலும் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் வலி திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. டாக்டரம்மாவிடம் போனாள். "படுக்கையைச் சரி பண்ணிட்டீங்க. பகல் முழுக்க எதுல உக்காந்திருக்கீங்க?" என்று அவர் கேட்டதும், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய வண்டியின் டிரைவர் சீட்டில் ஸ்பிரிங் செத்துப் பல காலம் ஆகிறது. ஆளாளுக்குத் துண்டை மடித்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"புது மெத்தை வாங்கினீங்களாமே. இன்னும் சரியாகலையா?" என்றார் அவர். "கவுண்டர் இன்னும் காலியாத்தான்..."

"கவுண்டர் வேண்டாம் சார். சீட்டை மாத்திக் கொடுங்க."

"எல்லாரும் அதே சீட்லதான ஓட்டறாங்க? யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"எல்லார் இடுப்பையும் கேட்டீங்களா? நீங்களும் டிரைவரா இருந்து வந்தவர்தான. வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். டிப்போ மைதானம் குண்டும் குழியுமானது. இரண்டு சுற்று வந்து நிறுத்தும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இறங்கி நின்றவர், தன்னை அறியாமல் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "மேலிடத்துக்கு எழுதிப் போடறேன்" என்றார்.

அவள் வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "போடுங்க சார். வேற எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டறேன். புது சீட் வர்ற வரைக்கும் இதை மட்டும் எடுக்க மாட்டேன்."

சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் கலைந்து போகவில்லை. மேனேஜர் அவர்களையும் பார்த்தார், சாவியையும் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி ஆபீசுக்குள் போனார்.

சீட் வருவதற்கு நாளாயிற்று. அதுவரை அவளுக்குக் குட்டி வண்டிதான். "பெரிய வண்டி போய்க் குட்டி வண்டியா?" என்று கிண்டல் செய்தவர்களை அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஒருவழியாகப் புது சீட்டைப் பொருத்திய அன்று, மெக்கானிக் போல்டை முறுக்கிவிட்டு, "முடிஞ்சுது, எடுங்க" என்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பெடலை மிதித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க."

தள்ளினார்.

"உயரம் பத்தல."

உயர்த்தினார். "போதுமா?"

"சாய்மானம் ரொம்பப் பின்னாடி போகுது." மெக்கானிக் லீவரை இழுத்து, பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி அதை நிமிர்த்தினார்.

பின்னால் வெளியே போக வேண்டிய வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வண்டி நிக்குதும்மா" என்றார்.

"நிக்கட்டும்" என்றாள் டிரைவரம்மா. முதுகைச் சாய்மானத்தில் நன்றாகப் பதித்து, ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். "இன்னும் ஒரு பல் நிமித்துங்க. எனக்குச் சரியா வந்ததும் எடுக்கறேன்."